கையில் ஒரு பை

மனிதனுக்குக் கைகள் இரண்டே. அவன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய பொருள்களோ பல. இக்குறையைப் போக்கப் பிறந்த எளிய கருவியே பை. ஏரும் உளியும் போல அதுவும் உழைக்கும் கருவியே ஆயினும், அதனைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. உள்ளபோது கண்ணில் படாமல் உழைப்பதும், இல்லாதபோது தம் அருமையை உணர்த்துவதும் எளிய பொருள்களின் இயல்பு அன்றோ!

அரை நூற்றாண்டுக்கு முன்னர்த் தமிழ்நாட்டில் சந்தைக்குச் சென்றோர் வெறுங்கையுடன் புறப்பட்டதில்லை. காய்கறிக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்கு, தவசத்துக்குப் பனையோலைக் கூடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கலம் வீட்டிலேயே இருந்தது. மளிகைக் கடைக்காரர் பருப்பையும் மிளகாயையும் பழைய செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, நூலால் கட்டிக் கொடுப்பார். மல்லிகைப் பூ வாழையிலைக்குள் குளிர்ச்சியாக வந்து சேரும். வீட்டுக்கு வந்தபின் இலை ஆட்டுக்கு உணவாகும். தாள் அடுப்பு மூட்ட உதவும். நூல் ஆணியில் தொங்கி அடுத்த வேலைக்குக் காத்திருக்கும். பை துவைக்கப்பட்டுக் கொடியில் உலரும். தெருவில் எறிவதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இதனைச் சிக்கனம் என்றுகூட அக்கால மக்கள் சொல்லவில்லை. வாழ்க்கை அவ்வாறே அமைந்திருந்தது.

அப்பைகளுள் மஞ்சள் பைக்குத் தனிச் சிறப்பு உண்டு. மஞ்சள் மங்கல நிறம். ஆதலின், திருமண வீட்டார் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு, மணமக்கள் பெயர் அச்சிட்ட மஞ்சள் பையை விருந்தினர்க்கு வழங்கினர். புடைவைக் கடைக்காரரும் தம் கடையின் பெயரைப் பொறித்து அதனையே கொடுத்தனர். விழா முடிந்தபின் அப்பையின் உழைப்புத் தொடங்கும். உழவன் நிலப் பத்திரத்தை அதில் வைத்துக்கொண்டு நகரத்து அலுவலகம் செல்வான். சிறுவன் அதில் புத்தகங்களை இட்டுப் பள்ளிக்குச் செல்வான். நிறம் மங்கி, ஓரம் நைந்து, இனிப் பைக்கு உதவாது என்ற நிலை வந்தபின்னும் அது அடுப்படியில் கைப்பிடித் துணியாகிப் பணி செய்யும்.

இவ்வளவு பயனுள்ள பொருள் மறைந்தது எதனால்? அதில் குற்றம் ஒன்றும் இருந்ததில்லை. அதனை ஏந்தியவரைக் கண்டு பிறர் நகைத்தனர், அதுவே காரணம். நகரப் பேருந்தில் மஞ்சள் பையுடன் ஏறியவனைப் பட்டிக்காட்டான் என்று இளைஞர் கேலி செய்தனர். திரைப்படங்களிலும் அது நகரம் அறியாதவனின் அடையாளமாகக் காட்டப்பட்டது. வெறுங்கை வீசிச் சென்று, கடைக்காரர் தரும் வழுவழுப்பான பையில் பொருள் வாங்கி வருவதே நாகரிகம் என்ற எண்ணம் பரவியது. ஒரு பொருளை விலக்க வெட்கம் ஒன்றே போதும் என்பதற்கு இது நல்ல சான்று.

மஞ்சள் பையின் இடத்தைப் பிடித்தது நெகிழிப் பை. மக்கள் வழக்கில் பிளாஸ்டிக் பை. அது பாலிஎதிலீன் என்னும் பொருளால் ஆனது. 1933இல் இங்கிலாந்தில் வேதியியலார் செய்த ஓர் ஆய்வின்போது இப்பொருள் தற்செயலாகக் கிடைத்தது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் தூலின் என்பவர், அதனைக் கொண்டு கைப்பிடியுடன் கூடிய பையை வடிவமைத்தார். 1965இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்க இந்த உறுதியான பை உதவும் என்று தூலின் எண்ணினார் என்றும், மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்காக அதனை மடித்துத் தம் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார் என்றும் அவர் மகன் பிற்காலத்தில் கூறியுள்ளார். பல நாள் உழைப்பதற்காகப் படைக்கப்பட்ட பையைச் சில நிமிடங்களில் எறியும் பொருளாக மாற்றியது மக்களின் பழக்கமே.

எறிந்த பை அழிவதில்லை. கண்ணுக்கு மறைவாகப் போகிறது. வெயிலில் வெடித்து நுண்ணிய துகள்களாகி மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. எரித்தால் நச்சுப்புகை எழுகிறது. வங்காள தேசத்தில் 1988, 1998 ஆகிய ஆண்டுகளில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, வடிகால்களை அடைத்துக்கொண்ட மெல்லிய பைகள் வெள்ளத்தின் கொடுமையை மிகுவித்தன. அதன் பின்னர் 2002இல் அந்நாடு அத்தகைய பைகளைத் தடை செய்தது. உலகில் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. சென்னையில் 2019 அக்டோபரில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவுக்கு அறுவை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவை எடுத்தனர். உணவு மிச்சத்தைப் பையில் கட்டி எறிந்தவர்க்குப் பசுவின்மேல் பகை ஏதும் இல்லை. ஆயினும், முடிச்சை அவிழ்க்கத் தெரியாத அந்த வாயில்லாச் சீவன் பையோடு சேர்த்து விழுங்கியது. எண்ணாமல் செய்த செயலும் உயிர்க்குத் தீங்காக முடிகிறது.

தமிழ்நாட்டில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கத்தையும் தொடங்கியது. கேலிக்கு ஆளான பையின் பெயரே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. எனினும், சட்டம் கடைக்காரரின் கையைத் தடுக்கலாமே அன்றி, வாங்குவோர் கையில் பையைக் கொண்டுவந்து வைக்காது.

இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. துணிப்பையும் விலையின்றி விளைவதன்று. பருத்திக்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்கவும் நெய்யவும் சாயம் ஏற்றவும் ஆற்றல் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவியை வெப்பமாக்கும் அளவில் ஒரு பருத்திப் பை, ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய நெகிழிப் பையைவிட நல்லதாக வேண்டுமானால், அது 131 முறையேனும் பயன்பட வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குச் செல்லும் வீட்டில் இதற்கு இரண்டரை ஆண்டு ஆகும். அக்காலத்து மஞ்சள் பைக்கு இது எளிய கணக்கு. ஆனால், கடைதோறும் புதிய துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குவோர்க்கு இக்கணக்கு ஒருநாளும் நிறைவேறாது. ஆகவே, பையின் பெருமை அதன் துணியில் இல்லை. அதனை மறவாமல் மீண்டும் எடுத்துச் செல்லும் கையில் இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே உள்ள நெகிழிப் பையைக்கூடக் கிழியும்வரை பயன்படுத்துவோர், புதிதாகப் பத்துத் துணிப்பை வாங்குவோரைவிடச் சிறந்தவரே.

இதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டுவதில்லை. வாயிற்கதவின் அருகே ஓர் ஆணி. அதில் ஒரு பை. வெளியே புறப்படும்போது செருப்பை அணிவது போலவே அதனையும் எடுத்துக்கொள்ளும் பழக்கம். பள்ளி மாணவர் தம் புத்தகப் பையின் ஓரத்தில் சிறிய துணிப்பை ஒன்றை மடித்து வைத்தால், மாலையில் கடைக்குச் செல்லும்போது அது உதவும். பழைய வேட்டியிலும் கால்சட்டைத் துணியிலும் அப்பையைத் தாமே தைத்துக்கொள்ளவும் கூடும். நகைப்பவர் ஒருசிலர் இன்னும் இருக்கலாம். அவர்கள் நகைப்பு ஓய்ந்துவிடும்; எறிந்த பையோ ஓய்வதில்லை. இதனை உணர்ந்தவர் கையில் பையை ஏந்தி நடப்பதற்கு நாணமாட்டார்.