ஓய்வுப் பொழுதின் இசை

பாலக்காட்டுச் சித்தூர் முதல் இடுக்கி மலைகள் வரை எல்லையோரத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில், பாட்டைக் குறித்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பூசல் எழுவது புதிதன்று. எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைச் சொன்னால் அன்பர் சிலருக்கேனும் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

மூணாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசிக்கிறோம். எங்கள் மூத்த மகன் பகலில் வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். மாலையில் நண்பர் மூவருடன் கூடி, கிட்டாரும் டிரம்மும் முழங்கக் கிறிஸ்தவப் பாடல்கள் பாடுவதில் அவனுக்குப் பெருவிருப்பம். இவ்வகை இசைக்குப் 'பாப் பங்க்' என்று பெயராம். விரைந்த தாளம், உரத்த குரல், ஆயினும் எளிதில் மனத்தில் பதியும் மெட்டு. லயத்துச் சுவர்களோ மெல்லியவை. அண்டை வீட்டார் காலையில் கொழுந்தெடுக்கச் செல்ல வேண்டியவர்கள். ஒருநாள் நாங்கள் பொறுமையிழந்து, "இது பிழைப்புக்கும் உதவாது, பக்திக்கும் உதவாது" என்று கடிந்துகொண்டோம். அவன் மறுமொழி கூறாமல் கிட்டாரை நண்பன் வீட்டில் வைத்துவிட்டான். அதன்பின் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பாட்டே இல்லை. ஞாயிறு ஆராதனையிலும் அவன் வாய் திறவாமல் நின்றான்.

அவனுடைய பாட்டி காரணம் கேட்டபோதுதான், கனடா நாட்டுக் கலைஞர் இருவரைப் பற்றி எங்களிடம் சொன்னான். 'தவுசண்ட் ஃபுட் கிரட்ச்' என்னும் ராக் குழுவின் பாடகர் டிரெவர் மெக்நீவனும், டிரம் வாசிப்பவரான ஸ்டீவ் அகஸ்டினும், அக்குழுவில் இருந்துகொண்டே 2003இல் 'எஃப்.எம். ஸ்டேட்டிக்' என்ற மற்றொரு குழுவைத் தொடங்கினர். அவ்வாண்டிலும், பின்னர் 2006, 2009, 2011ஆம் ஆண்டுகளிலும் அதன் இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. "முதல் வேலையை விடாமலே இதையும் செய்தார்கள், அப்பா" என்றான்.

அச்சொல் எங்களுக்கு ஆபிரகாம் பண்டிதரை நினைவூட்டியது. 1859இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்த அவர், தஞ்சையில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சித்த மருத்துவராய்ப் பொருள் ஈட்டிய கிறிஸ்தவர். அப்பொருளை இசைக்கெனச் செலவிட்டார். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகள் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மருத்துவம் அவருக்குச் சோறிட்டது. அவர் பெயரை நிலைநிறுத்தியதோ இசையன்றோ?

பண்டிதரின் புலமை எங்கே, பட்டறைப் பையனின் பாட்டெங்கே என்று சிலர் நகைக்கலாம். இரண்டையும் நாங்கள் சமமாக வைக்கவில்லை. பிழைப்புக்கு உதவாதது வீண் என்று நாங்கள் பிடித்திருந்த அளவுகோல் பிழையானது என்பதையே உணர்ந்தோம்.

மறுநாள் நாங்களே சென்று கிட்டாரை வீட்டுக்குக் கொணர்ந்தோம். இரவு எட்டு மணிக்குமேல் லயத்தில் முழக்கம் கூடாது என்றும், ஒரு பாட்டேனும் தமிழில் அமைய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். பள்ளியில் மலையாளம் பயின்ற பிள்ளை எழுத்துக்கூட்டித் தானே ஒரு பாட்டெழுதினான். பாடி முடித்ததும் பாட்டியின் முகத்தையே பார்த்தான்.

"தாளந்தான் பிடிபடவில்லை, சொல் விளங்குகிறது. இன்னொரு முறை பாடு, ராசா" என்றார் அவர்.