காணாத அலையை அளத்தல்

தமிழில் 'அளவை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நெல்லை அளக்கும் நாழியும் மரக்காலும் அளவை; மெய்யை அறியும் வழியும் அளவை. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி காட்சி, கருதல் முதலியவற்றை வகுத்துரைப்பது இரண்டாம் பொருளில் ஆகும். கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். மலைமேல் எழும் புகையைக் கண்டு, அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதலுக்குப் பழைய எடுத்துக்காட்டு. அளத்தலையும் அறிதலையும் ஒரே சொல்லால் குறித்த மொழிக்கு, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவு நன்கு விளங்கியிருந்தது எனலாம்.

அவ்வுறவை இன்றைய மின்னணுக் கருவிகளிலும் காணலாம். அமெச்சூர் வானொலியாளரின் மேசைமீது இருக்கும் மின்னிலக்கத் திறன்மானி அதற்கு நல்லதொரு சான்று. உள்ளங்கை அகலமே உள்ள அச்சிறு பெட்டி, கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலையின் திறனை எண்ணாக எழுதிக் காட்டுகிறது. அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தவருக்கே, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரியும்.

அளக்க வேண்டியதன் காரணம்

ஊதியம் கருதாமல், ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு, அரசின் உரிமம் பெற்றுத் தம் சொந்த நிலையத்திலிருந்து பிற நாட்டு நிலையங்களோடு உரையாடுவோர் அமெச்சூர் வானொலியாளர் ஆவர். 'ஹாம்' என்பதும் அவர்களுக்கு வழங்கும் பெயர். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச் ஊரில் அமெச்சூர்கள் அமைத்த நிலையம் ஒன்றிலிருந்து எழுந்த அலைகள் அட்லாண்டிக் மாகடலைக் கடந்தன. ஸ்காட்லாந்தின் ஆர்ட்ரொசன் என்னும் இடத்தில் கூடாரமடித்துக் காத்திருந்த பால் காட்லி அவற்றைக் கேட்டறிந்தார். குறைந்த திறனில் நெடுந்தொலைவு எட்டும் வேட்கை அன்றுமுதல் அமெச்சூர்களின் குருதியில் கலந்துவிட்டது.

அந்த வேட்கைக்கு அளவு தேவைப்படுகிறது. முதலாவதாக, உரிமம் ஒவ்வொன்றும் ஒரு திறன் வரம்பை விதிக்கிறது. அதை மீறினால் பிறருடைய அலைவரிசைக்கு இடையூறு நேரும். இரண்டாவதாக, அலைபரப்பியில் பிறந்த திறன் ஏரியலைச் சென்றடையாமல் திரும்பிவருமானால், அலைபரப்பியின் டிரான்சிஸ்டர்கள் வெந்து போகக்கூடும். மூன்றாவதாக, 5 வாட்டுக்கு மிகாத திறனில் மட்டுமே உரையாடுவது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட அமெச்சூர்களும் இருக்கின்றனர். அவர்களுடைய நிலையத்தில் எந்த அதிகாரியும் உட்கார்ந்து கண்காணிப்பதில்லை. 5 வாட் என்று அவர்கள் சொல்வதற்கு, அவர்களுடைய நேர்மையும் அவர்களுடைய மானியுமே சாட்சி.

பழைய வழிகள்

தொடக்க காலத்தில் ஏரியலுக்குப் பதிலாக மின்விளக்கு ஒன்றை மாட்டி, அது எரியும் ஒளியைக் கொண்டு திறனை மதிப்பிட்டவர்கள் உண்டு. அலைபரப்பியின் இறுதி வால்வுக்குச் செல்லும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி, உட்செல்லும் திறனைக் கணக்கிடுவது மற்றொரு வழி. அமெரிக்காவில் சட்டமே இம்முறையை நெடுங்காலம் பின்பற்றியது. 1983இல்தான் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் உட்செல்லும் திறனைக் கைவிட்டு, வெளிவரும் உச்சத் திறனை வரம்புக்கு அடிப்படையாக்கியது. எவ்வளவு உண்டான் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு உழைத்தான் என்று கேட்கத் தொடங்கியது போன்ற மாற்றம் இது.

வெளிவரும் திறனை அளக்க முள் மானிகள் பயன்பட்டன. அவற்றில் டையோடு ஒன்று அலையை நேர்மின்னோட்டமாக்கும். அம்மின்னோட்டம் முள்ளை நகர்த்தும். எளிமையும் உறுதியும் வாய்ந்த கருவி அது. எனினும் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மின்னழுத்தம் ஓர் அளவை எட்டும் வரை டையோடு சரிவர விழிப்பதில்லை. ஆகவே சிறு திறன்கள் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. மேலும், முள் மானியின் பிழை முழு அளவின் விழுக்காடாகக் கூறப்படுவது வழக்கம். 100 வாட் வரை அளக்கும் மானியின் பிழை 5 விழுக்காடு என்றால், எந்த இடத்திலும் 5 வாட் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது பொருள். 95 வாட்டை அளப்பவருக்கு அது பெரிதன்று. 5 வாட்டை அளப்பவருக்கோ, மானி காட்டும் 5 என்பது சுழியமாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம்!

நான்கு பணிகள்

மின்னிலக்கத் திறன்மானியினுள் நான்கு பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. அவை எடுத்தல், ஒடுக்கல், எண்ணாக்கல், கணித்தல் என்பன.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எடுத்தலின் தத்துவம். அமெச்சூர் நிலையங்களில் அலைபரப்பி, கம்பிவடம், ஏரியல் ஆகிய மூன்றும் 50 ஓம் என்னும் ஒரே அளவுக்குப் பொருந்துமாறு அமைக்கப்படுகின்றன. 50 ஓம் தடையில் 100 வாட் திறன் பாயும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 70.7 வோல்ட் ஆகும். இதை நேரே நுண்சில்லுக்குள் செலுத்தினால் சில்லு கருகிவிடும். ஆகவே மின்தடைகளைக் கொண்டு மின்னழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு மட்டும் கிள்ளியெடுக்கப்படுகிறது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே எடுக்கப்பட்டது பதினாயிரத்தில் ஒரு பங்கு திறன். 100 வாட்டுக்கு 10 மில்லிவாட் மட்டுமே மானிக்குள் நுழைகிறது. ஏரியலுக்குச் செல்லும் அலை இந்த இழப்பை உணர்வதே இல்லை.

ஒடுக்கல் என்பது கருவியின் உயிர்நாடி. ஒரு மில்லிவாட்டையும் 100 வாட்டையும் ஒரே மானி அளக்க வேண்டுமானால், ஒன்றுக்கும் இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொலைவை அது தாண்ட வேண்டும். பள்ளியில் பயிலும் மடக்கை இங்கே கைகொடுக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக்குவது மடக்கையின் இயல்பு. திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல், நூறு மடங்கானால் 20 டெசிபெல் என்று எண்ணினால், இலட்சம் மடங்கு வெறும் 50 டெசிபெல்லில் அடங்கிவிடுகிறது.

மடக்கையைத் தாளில் போடுவது எளிது. மின்சுற்று அதை எங்ஙனம் போடும்? 'ஏடி8307' என்னும் சில்லில் ஆறு பெருக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வரும் மின்னழுத்தத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கி அடுத்ததற்குத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் அது நிறைந்து நின்றுவிடும். சிறிய அலை வந்தால் கடைசிப் பெருக்கி மட்டும் நிறையும். பெரிய அலை வந்தால் முன்னிற்பவையும் ஒவ்வொன்றாக நிறையும். கோயில் குளத்தில் மூழ்கிய படிகளை எண்ணி நீரின் ஆழத்தை அறிவது போன்றது இது. இக்குளத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியைப்போல் ஐந்து மடங்கு உயரம் என்று கொண்டால், படிகளின் எண்ணிக்கையே மடக்கை ஆகிவிடுகிறது. இவ்வாறு அச்சில்லு ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் 25 மில்லிவோல்ட் வீதம் உயரும் நேர்மின்னழுத்தத்தை வெளியிடுகிறது. மேற்கூறிய பங்கெடுப்பின் வழியே 1 மில்லிவாட் வந்தால் 1.10 வோல்ட், 1 வாட் வந்தால் 1.85 வோல்ட், 100 வாட் வந்தால் 2.35 வோல்ட். 2001 ஜூனில் அமெரிக்க அமெச்சூர்களின் 'கியூஎஸ்டி' இதழில் வெஸ் ஹேவர்டு, பாப் லார்கின் ஆகிய இருவரும் இச்சில்லைக் கொண்டு வீட்டிலேயே திறன்மானி அமைக்கும் முறையை விளக்கி எழுதினர்.

மூன்றாவது பணியாகிய எண்ணாக்கல், தொடர்ச்சியாக ஏறி இறங்கும் அம்மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது. 2.5 வோல்ட் வரையுள்ள பரப்பை 1024 படிகளாகப் பகுக்கும் மாற்றியில் ஒரு படி ஏறத்தாழ 2.4 மில்லிவோல்ட், அதாவது பத்தில் ஒரு டெசிபெல் ஆகும். நான்காவது பணியை நுண்கணிப்பான் செய்கிறது. வந்த எண்ணை டெசிபெல்லாக்கி, கிள்ளியெடுத்த பங்கை ஈடுசெய்து, மடக்கையை மீண்டும் விரித்து, வாட் என்னும் பழகிய அளவில் திரையில் எழுதுகிறது.

குரலும் எதிரொலியும்

ஏரியல் 50 ஓமுக்குப் பொருந்தாவிடில் சென்ற அலையின் ஒரு பகுதி, மலைமுகட்டில் மோதிய குரல்போல் திரும்பிவருகிறது. ஒரே கம்பிவடத்தில் போகும் அலையையும் வரும் அலையையும் பிரித்தறிவது எப்படி? வாரன் புரூன் என்பவர் 1959 ஏப்ரல் 'கியூஎஸ்டி' இதழில் விளக்கிய முறை இன்றளவும் பயன்படுகிறது. போகும் அலையில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்கும். திரும்பும் அலையில் மின்னோட்டத்தின் திசை மாறிவிடுவதால் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். வளைய வடிவக் காந்த உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருள் மின்னோட்டத்தின் மாதிரியை எடுக்கிறது. மற்றொரு சுற்று மின்னழுத்தத்தின் மாதிரியை எடுக்கிறது. இரண்டையும் கூட்டினால் போகும் அலை மட்டும் எஞ்சும்; கழித்தால் திரும்பும் அலை மட்டும் எஞ்சும். இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சில்லு வைத்தால், நுண்கணிப்பான் நிலையலை விகிதத்தைத் தானே கணித்துவிடும். 100 வாட் சென்று 4 வாட் திரும்பினால் விகிதம் 1.5, 25 வாட் திரும்பினால் 3.

மனிதப் பேச்சை அளப்பது இன்னும் நுட்பமானது. வல்லின எழுத்தில் வெடித்தெழுந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அடங்கிப் போகும் குரலின் ஏற்றத்தாழ்வை முள்ளால் பின்தொடர இயலாது. அதற்கு எடை உண்டு. அது நடுவிலேயே தயங்கி நிற்கும். மின்னிலக்க மானியோ நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அவற்றுள் மிகப் பெரியதை நினைவில் இருத்திக் காட்டவல்லது. வெளிவரும் உச்சத் திறனைச் சட்டம் கேட்கும்போது, அக்கேள்விக்கு நேரே விடையளிக்கும் ஆற்றல் இதுவே.

எண்ணின் அழகும் எண்ணின் உண்மையும்

இத்துணைச் சிறப்புடைய கருவியிடத்தே ஓர் ஆபத்தும் ஒளிந்துள்ளது. முள் நடுங்குவதைக் காண்பவர், 'ஏறத்தாழ ஐம்பது' என்று அடக்கமாகச் சொல்வார். திரையில் 49.87 என்று ஒளிரும்போது ஐயம் எழுவதில்லை. ஆனால் பத்தில் ஒரு டெசிபெல் என்பது திறனில் 2.3 விழுக்காடு. 50 வாட்டுக்கு அருகில் மானியால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வேறுபாடே ஒரு வாட்டுக்கு மேல்! அவ்வாறிருக்க, புள்ளிக்குப் பின் நிற்கும் 87 எங்கிருந்து வந்தது? அது கணிப்பானின் பெருக்கலில் பிறந்ததே ஒழிய, அலையிலிருந்து வந்ததன்று. பங்கெடுக்கும் மின்தடை 5 விழுக்காடு பிழையுடையதானால் திறனில் 10 விழுக்காடு பிழை நேரும். பரந்த எல்லை முழுதும் சில்லின் போக்கு ஒரு டெசிபெல் பிறழ்ந்தால், அது 26 விழுக்காடு.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. மின்தடைகளால் பங்கெடுக்கும் மானி மின்னழுத்தத்தை மட்டுமே காண்கிறது. தடை 50 ஓம் என்பது அதன் நம்பிக்கை. அங்கே உண்மையில் 100 ஓம் இருந்து 70.7 வோல்ட் நின்றால், பாயும் திறன் 50 வாட். மானியோ சற்றும் தயங்காமல் 100 வாட் என்று எழுதும். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது சரியே. ஆனால் மலையில் படிந்த மூடுபனியைப் புகையெனக் கொண்டால் கருதல் பொய்த்துவிடும். கண்ட பொருளும் கருதிய பொருளும் பிரியாது நிற்கும் என்னும் உறுதி இருக்கும்வரைதான் கருதல் அளவையாகும்.

அவ்வுறுதியைத் தருவது அளவுத்திருத்தம். நன்கு தெரிந்த இரண்டு திறன்களை மானிக்குள் செலுத்தி, அது சொல்லும் எண்களை அவற்றோடு ஒப்பிட்டுக் கோட்டின் சாய்வையும் தொடக்கத்தையும் திருத்துவது அதன் முறை. அத்தெரிந்த திறனுக்கும் ஒரு சான்று வேண்டும். 50 ஓம் தடையில் உச்சிமுதல் அடிவரை 2 வோல்ட் உள்ள சைன் அலை 10 மில்லிவாட் என்பதை அலைகாட்டியின் திரையில் சரிபார்க்கலாம். அந்த அலைகாட்டியைத் திருத்தியவர் வேறொரு கருவியை நம்பியிருப்பார். இப்படியே தொடரும் சங்கிலி இறுதியில் நாட்டின் அளவைக் கூடத்தில் சென்று முடிகிறது. காட்சியும் கருதலும் முடிந்த இடத்தில், நம்பத்தக்கோர் உரையும் ஓர் அளவையாக வந்து நிற்கிறது.

வகுப்பறைக்கும் இது புதிதன்று. தேர்வுத்தாளில் ஆசிரியர் இடும் புள்ளியும் காணாத ஒன்றைக் கண்டதைக் கொண்டு கருதும் அளவையே. 71 பெற்ற மாணவனுக்கும் 72 பெற்ற மாணவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவின் வேறுபாடா, அளவுகோலின் படியா என்று ஒரு கணம் நின்று எண்ணும் ஆசிரியர், திறன்மானியின் இலக்கணத்தை முன்பே அறிந்தவர். தம் மானியின் பிழையைத் தெரிந்துவைத்திருக்கும் அமெச்சூர், திரையில் 4.98 என்று கண்டாலும் தம் குறிப்பேட்டில் '5 வாட்' என்றே எழுதுகிறார். தம் மானி அதற்குமேல் அறியாது என்பது அவருக்குத் தெரியும்.