கொழும்பில் நல்ல கொத்து எங்கே?

"கொழும்பில எந்தக் கடைக் கொத்து திறம்?" இந்தக் கேள்வியைக் கேட்டால் எங்களுக்குள் அன்றைக்கு வேறு கதை நடக்காது. நாலு பேரில் ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் மட்டக்களப்பு, ஒருத்தி ஹட்டன், ஒருத்தி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆளுக்கொரு ஊர்க் கொத்தை மனதில் வைத்துக்கொண்டு கொழும்புக் கொத்துக்குப் புள்ளி போட்டால் எப்படிச் சரிவரும்? கொத்து கிழக்கில்தான் பிறந்தது என்று பலரும் சொல்வதால் மட்டக்களப்புக்காரனுக்கு அதில் தனி மிதப்பு. "நாங்க கண்டுபிடிச்சதை நீங்க எங்களுக்குச் சொல்லித் தாறீங்களோ" என்பான்.

சரி, சாப்பிட்டே பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். சம்பளம் வந்த கிழமை ஒரு கடை, மாதக் கடைசியில் காசு மிஞ்சினால் இன்னொன்று.

சீஸ் கொத்துக்குப் போட்டியில் இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கொள்ளுப்பிட்டி பிலாவூஸ் அதற்குப் பேர்போன கடை. எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் சீஸ் ஊற்றினால் எந்தக் கொத்தும் சீஸாகத்தான் ருசிக்கும், போட்டவரின் கை தெரியாது. டொல்பின், புட்டுக்கொத்து, இடியப்பக் கொத்து எல்லாம் வேறு சாதி. ஆகவே வெறும் கோழிக்கொத்து. காசு இல்லாத மாதம் முட்டைக்கொத்து.

நாலைந்து கடை ஏறி இறங்கிய பிறகுதான் கொத்தை எப்படிப் பார்ப்பது என்று பிடிபட்டது. முதலாவது ரொட்டி. அப்போதே சுட்ட ரொட்டி நல்லது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கொத்துக்கு அது சரிவராது. சூட்டோடு வெட்டினால் பசையாய் ஒட்டிவிடும். சுட்டு வைத்து ஆறி, கொஞ்சம் விறைத்த ரொட்டிதான் தகட்டுக்குக் கீழே துண்டு துண்டாய் நிற்கும். அடுத்தது கோவா, கரட், லீக்ஸ். இவை வதங்கவேணும், ஆனால் தண்ணி விடக்கூடாது. கோவாவை அள்ளிப்போட்டு ரொட்டியைக் குறைக்கிற கடைகளை இரண்டாவது வாயிலேயே கண்டுபிடிக்கலாம். முட்டையைக் கல்லில் உடைத்துக் கொஞ்சம் வேகவிட்டுக் கலக்கிறவர் ஒரு ரகம், எல்லாவற்றுக்கும் மேலே உடைத்து ஊற்றிவிட்டுப் போகிறவர் இன்னொரு ரகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு கொத்து விழுந்துபோகும் என்றால் அது குழம்பாலதான். கொத்தும்போது மேலே ஊற்றுகிற அந்த ஒரு கரண்டி குழம்பு காலையிலிருந்து அடுப்பில் கிடந்து வற்றிய இறைச்சிக் குழம்பாய் இருந்தால் ரொட்டி அதைக் குடித்துக்கொள்ளும். மாவைக் கரைத்து நிறம் போட்ட தண்ணியென்றால் மேலால் வழிந்து தட்டில் நிற்கும். தட்டின் அடியைப் பாருங்கள், தெரியும்.

சத்தத்துக்குப் புள்ளி இல்லை. கொட்டாஞ்சேனைக்காரிக்கு அதில் இன்னமும் கோபம். "சத்தம் கேக்காட்டி அது கொத்தே இல்லடி" என்கிறாள்.

விலை பற்றியும் சொல்லவேணும். 2021இல் 1,493 ரூபா விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு வந்தது. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கொத்துக்கல் நாள் முழுக்க எரியவேணும், மாவும் முட்டையும் எண்ணெயும் கடைக்காரருக்கு விலைதான். 2024 ஏப்ரலில் புதுக்கடையில் ஒரு வெளிநாட்டு யூடியூபரிடம் கொத்துக்கு 1,900 ரூபா கேட்ட வீடியோ நாடெல்லாம் ஓடி, விற்றவரைப் பொலிஸ் பிடித்தது. அவர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்போது ஒரு கோழிக்கொத்தை இரண்டு பேர் பங்கு போடுவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு பேருக்குக் காணுமா என்பதும் அதனால் புள்ளிக்கணக்கில் சேர்ந்துவிட்டது.

வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டி, கொம்பனித்தெரு, மருதானை என்று போனபோது இன்னொரு கணக்கும் சேர்ந்தது. நல்ல கொத்து இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் கிடைக்கும். அந்த நேரம் முன்மேசைகள் முழுக்க ஆம்பிளைகள். எங்களில் இரண்டு பேர் பெண்கள் என்று கண்டதும் "மேல பமிலி ரூம் இருக்கு தங்கச்சி" என்று கையைக் காட்டுவார்கள். மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறையில் ஃபான் ஓடாது, கல்லும் தெரியாது, கொத்து ஏறி வருவதற்குள் ஆறிவிடும். ஒரு கடையில் ஹட்டன்காரி, "நானா, நாங்க கொத்துப் போடுறத பார்க்கத்தான் வந்தோம், இங்கயே இருக்கோமே" என்றாள். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பொடியனைக் கூப்பிட்டுக் கல்லுக்குக் கிட்ட இருந்த மேசையைத் துடைக்கச் சொன்னார். அங்கே இருந்த இரண்டு பேர் எழும்பித் தள்ளி இருந்தார்கள். அவ்வளவுதான்.

இந்தத் தேடலைப் பற்றி வேலையிடத்தில் கதைத்தபோது எங்களில் ஒருத்திக்குக் கிடைத்த புத்திமதி: "அவங்கட கடையில சாப்பிடாதீங்க, என்ன போடுறாங்களோ." இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று நாடு பார்த்திருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துச் சொன்னது, அது வெறும் மாக்கட்டி. ஒழுங்காய்க் கரையாத மா! கொத்துக் குழம்பில் நாங்கள் புள்ளி குறைக்கிற பிழைக்கு அங்கே கடையும் பள்ளியும் உடைந்தன. புத்திமதி சொன்னவருக்கு இதைச் சொன்னோம். "அப்படியும் இருக்கும்" என்றுவிட்டு ரீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போதைக்கு எங்கள் முதலிடம் மருதானையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற கடைக்கு. பெயரைப் போடமாட்டோம், அங்கே ஆறு மேசைதான். குழம்பு பத்துக்கு ஒன்பது, ரொட்டி எட்டு, கோவா கொஞ்சம் கூட. இரண்டு பேருக்குக் காணும், மூன்றாவது ஆளுக்கும் நாலு வாய் மிஞ்சும். யாழ்ப்பாணத்தான் மட்டும் இன்னமும் வெள்ளவத்தைக் கடைதான் என்று நிற்கிறான். மட்டக்களப்புக்காரன் ஏழு புள்ளிக்கு மேல் எந்தக் கடைக்கும் போடுவதில்லை. அடுத்த சம்பளத்துக்குத் தெஹிவளை. போகும்போது 100 பஸ் இருக்கிறது, திரும்பி வர நாலு பேரும் ஓட்டோக் காசு சேர்க்கவேணும்.