மதினியின் மின்சார அடுப்பு

தேவாரத்தில் இருக்கும் என் மதினி, ஏலக்காய் பொறுக்கிய கூலியில் மிச்சம் பிடித்து ஒரு மின்சார அடுப்பு வாங்கினாள். காலையில் சுறுசுறுப்பாகக் கொதிக்கும் உலை, விளக்கு வைத்த பிறகு சோம்பிவிடும். "சுருள் போச்சும்மா, புதுசு மாத்தணும்" என்றார் கடைக்காரர். மதினிக்கு முகம் வாடிவிட்டது.

மின்சார வேலை தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி அளந்து சொன்னான்: காலையில் 230 வோல்ட், 5 ஆம்பியர். மாலையில் 184 வோல்ட், 4 ஆம்பியர்.

இது நம் பக்கத்து லோயர் கேம்ப் சங்கதி மாதிரிதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி அங்கே 1958 முதல் மின்சாரம் தருகிறது. இறங்கும் உயரம்போல வோல்ட்; ஓடும் தண்ணீர்போல ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வேலைத்திறன், அதாவது வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை. ஜெர்மனியில் ஓம் என்பவர் 1827-ல் நூலாக வெளியிட்ட விதி அது.

வகுத்துப் பார்த்தேன். காலையிலும் 46 ஓம். மாலையிலும் அதே 46! சுருளுக்கு ஒரு நோயும் இல்லை. பெருக்கினேன். காலையில் 1,150 வாட், மாலையில் 736தான். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதற்கு, சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிட்டது!

கூலிப் பணம் தப்பியது. மதினி இப்போது பொழுது சாயுமுன்பே உலை வைத்துவிடுகிறாள்.

கம்பியைத் தொட்டு அளப்பதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள், சகோதரிகளே. வகுப்பதும் பெருக்குவதும் நம் கையில் இருக்கட்டும்.