முறுக்கினேன்... முறிந்தது!

பாஸ், உங்க வீட்டு பைக்ல சைலன்சர் பைப் எந்த இடத்துல இன்ஜினோட சேருதுன்னு என்னிக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா இப்பவே போய்ப் பாருங்க. (வண்டி சூடா இருந்தா கையை வெச்சுடாதீங்க, ப்ளீஸ்!) முன் வீலுக்குப் பின்னாடி, வளைஞ்ச பைப் போய் இன்ஜின் ஹெட்டுல முட்டுற இடத்துல, துருப்பிடிச்ச ரெண்டு நட் உட்கார்ந்திருக்கும். சுண்டைக்காய் சைஸ்தான் இருக்கும். அதுல ஒண்ணுதான் போன வருஷம் என் மானத்தை மொத்தமா வாங்கிட்டுப் போச்சு.

எங்க அப்பாவோட வண்டி 2009 மாடல், 100 சிசி. அவர் முறுக்கு, மிக்ஸர், கடலை மிட்டாய் பாக்கெட்டுகளைக் கடை கடையா லைன் போடறவர். திங்கட்கிழமைன்னா சூலூர், பல்லடம் பக்கம். காலையில அஞ்சு மணிக்கு ரெண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பினா மதியம்தான் வருவார். அந்த வண்டி ஓடலைன்னா அன்னிக்கு வசூல் கிடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

வண்டியில கொஞ்ச நாளா 'படபட'ன்னு ஒரு சத்தம். சைலன்சர் கேஸ்கெட் லீக். ஒரு வளையம், 30 ரூபாய். ரெண்டு நட்டைக் கழட்டி, பழசை எடுத்துட்டுப் புதுசை வெச்சா வேலை முடிஞ்சுது. "இதுக்கெல்லாம் எதுக்குப்பா பட்டறைக்குப் போறீங்க? நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்!"னு ஒரு பில்டப் வேற குடுத்தேன். அப்பா சிரிச்சுக்கிட்டே சாவியைக் குடுத்துட்டார். அது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.

முதல் நட் சமத்தா வந்துடுச்சு. ரெண்டாவது அசையலை. 10-ம் நம்பர் ஸ்பேனர் வழுக்குது. யோசிச்சேன்... யோசிக்காம இருந்திருக்கலாம். மோட்டார் ஷெட்டுல ஒரு அடி நீளத்துக்கு ஜிஐ பைப் ஒண்ணு கிடந்தது. அதை ஸ்பேனர் வால்ல சொருகி இழுத்தேன்.

நட் அசைஞ்சுது! அந்த நொடி இருக்கே... கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனா எப்படி இருக்குமோ, அப்படி இருந்துச்சு. கல்லு மாதிரி இருந்தது திடீர்னு மெத்துமெத்துன்னு திரும்புது. ரப்பரைத் திருகற மாதிரி ஒரு சுகம். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். 'டக்'.

கையில நட் இருக்கு. நட்டுக்குள்ள பாதி ஸ்டட் இருக்கு. மீதி இன்ஜின்ல இருக்கு. நான் ஙே!

அந்த மெத்து என்னன்னு இப்பச் சொல்றேன், நோட் பண்ணிக்கங்க. நட் கழண்டதால வந்தது இல்லை அது. ஸ்டட் முறுக்கிக்கிட்டதால வந்தது. எலாஸ்டிக் எல்லையைத் தாண்டி பிளாஸ்டிக் எல்லைக்குள்ள போயிட்டா, இரும்பு இப்படித்தான் பாசமா விட்டுக்குடுக்கும். அடுத்தது முறிவுதான். 'டி பை ஜே இஸ் ஈக்வல் டு டௌ பை ஆர்'னு ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல 'ஏ' கிரேடு வாங்கினவன் நான். அந்த ஃபார்முலா என் உள்ளங்கையிலேயே நடந்து காட்டிச்சு. எனக்குத்தான் அடையாளம் தெரியலை. முறுக்கு விக்கறவர் பையனுக்கு முறுக்குவிசை தெரியலைன்னு வெளியில சொன்னா சிரிப்பாங்க!

கணக்கு ரொம்ப சிம்பிள். அது 6 மில்லி ஸ்டட். அந்த சைஸுக்கு முடுக்கறதுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். நான் ஒரு அடி பைப்பை மாட்டி, 15 கிலோ வெயிட்டுக்குச் சமமா இழுத்திருந்தாலே அது 45 ஆயிடும். போதாததுக்கு, தாங்கற சக்தி விட்டத்தோட மும்மடியைப் பொறுத்தது. துரு தின்னு 6 மில்லி 5 மில்லி ஆச்சுன்னா, பழைய பலத்துல 58 சதவிகிதம்தான் மிச்சம். இதுல துருவோட வில்லத்தனம் வேற. இரும்பு துருவா மாறினா ரெண்டு மடங்குக்கு மேல இடத்தை அடைச்சுக்கும். மரைக்கு நடுவுல அந்த இடம் எங்கே இருக்கு? அதனால இறுகிக்கிட்டு உட்கார்ந்துடும். ஆக, கழட்ட வேண்டிய விசை ஏறிக்கிட்டே போகுது, ஸ்டட் தாங்கற விசை இறங்கிக்கிட்டே வருது. நடுவுல பைப்பைச் சொருகிக்கிட்டு நான்!

சரி, உடைஞ்சது உடைஞ்சுபோச்சு. அப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. 4 மில்லி ஸ்டட் வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. நேரா உள்ளே போய், "அப்பா, உடைச்சுட்டேன்"னு சொல்லியிருந்தா எட்டு மணிக்குள்ள பட்டறையில வேலை முடிஞ்சிருக்கும். அப்பா வாசலுக்கு வந்து, "என்னப்பா, முடிஞ்சுதா?"ன்னார்.

"முடியப்போகுதுப்பா. நீங்க சாப்பிடுங்க."

இந்த ஒரு வரியில ஆரம்பிச்சதுதான் மிச்சம் எல்லாம்.

வெளியே நீட்டிக்கிட்டு இருந்ததைக் கிரிப் பிளையரால பிடிச்சு, சுத்தியால ரெண்டு தட்டு. அதுவும் ஹெட்டோட சமமா முறிஞ்சுபோச்சு. அடுத்து யூடியூப். ஒருத்தர் 'ஈஸி அவுட்'னு ஒண்ணைக் காட்டினார். உடைஞ்ச போல்ட்டுக்கு நடுவுல ஓட்டை போட்டு, இடது பக்கம் மரை இருக்கற கூம்பு மாதிரி ஆணியை உள்ளே விட்டுக் கழட்டற பக்கம் திருப்பினா, அது கவ்விப் பிடிச்சு போல்ட்டை வெளியே கொண்டுவந்துடுமாம். பேரைப் பாருங்க... ஈஸியாம்! ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட ஒரு செட் இருந்தது. ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். மொபைல் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, ட்ரில்லைக் கோணலா பிடிச்சு, வேர்த்து விறுவிறுத்து... ராத்திரி பதினொண்ணே காலுக்கு ஈஸி அவுட்டும் உள்ளேயே உடைஞ்சுது.

நல்லா யோசிச்சுப் பாருங்க. 6 மில்லி ஸ்டட்டாலேயே தாங்க முடியாம முறிஞ்ச இறுக்கத்தை, அதுக்குள்ள போற 3 மில்லி சமாசாரம் எப்படித் தாங்கும்? அது கூம்பா இருக்கறதால, உள்ளே போகப்போக ஸ்டட்டை இன்னும் அகலமாக்கி, ஓட்டையோட இறுக்கி வேற வைக்கும். தப்பான முறுக்கால உடைஞ்ச, உள்ளே இறுகாம இருக்கற போல்ட்டுக்குத்தான் அது சரி. துருவுல ஒட்டினதுக்கு ஆகாது. அதைவிடக் கொடுமை, அது கடினப்படுத்தின ஸ்டீல். சாதாரண ட்ரில் பிட் அதுமேல பட்டா, பிட்டுதான் மழுங்கும்.

தூங்கலை. அஞ்சு மணிக்கு அப்பா மூட்டையோட வந்து நின்னப்ப, வண்டி பக்கத்துல சைலன்சர் தனியா படுத்திருந்தது. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். குனிஞ்சு அந்த ஓட்டையைப் பார்த்தார். "நேத்து எட்டு மணிக்குக் கேட்டனே கண்ணு..."ன்னு மட்டும் சொன்னார். அப்புறம் பக்கத்து வீட்டு மொபெட்டை இரவல் வாங்கி, ரெண்டு மூட்டையில ஒரு மூட்டையை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா தேவலை.

வண்டியைத் தள்ளிக்கிட்டே பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் டார்ச் அடிச்சுப் பார்த்தார். "ஏங்கண்ணு, முத ஒடைஞ்சப்பவே வந்திருந்தா நட்டை வெச்சு வெல்டு அடிச்சுப் பத்து நிமிசத்துல எடுத்திருப்பனே. இப்ப ஹெட்டையே எறக்கோணும். அந்த ஊசிய ஸ்பார்க் மிசின்லதான் எரிச்சு எடுக்கோணும்."

ஸ்பார்க் மெஷினா?! அதேதாங்க, மேனுஃபேக்சரிங் பேப்பர்ல பத்து மார்க்குக்குப் படிப்போமே, இ.டி.எம்! 1943-ல சோவியத் யூனியன்ல லாசரென்கோன்னு ஒரு கணவன், மனைவி. ஸ்விட்ச் கான்டாக்ட்டுகள் தீப்பொறியால அரிச்சுப் போறதை எப்படித் தடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்க, 'இந்த அரிப்பையே ஏன் வேலை வாங்கக்கூடாது?'ன்னு மாத்தி யோசிச்சதுல பிறந்த டெக்னிக். காப்பர் கம்பி ஒண்ணு எண்ணெய்க்குள்ள இறங்கும். நெருங்கும், ஆனா தொடாது. நடுவுல பொறி பறந்து பறந்து, உள்ளே இருக்கற ஸ்டீலைத் துளித்துளியா கரைக்கும். எவ்வளவு கடினமான ஸ்டீலா இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லை. கோயமுத்தூர்ல டூல் ரூமுக்கா பஞ்சம்? கணபதி பக்கம் ஒரு சந்துல, என் பத்து மார்க் கேள்வி நிஜமா 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் போட்டுக்கிட்டு நின்னுது. ஒண்ணரை மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அந்த வேலைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி, பட்டறையில காத்திருந்த நேரத்துலதான் நிஜமான பாடம். வேற ஒரு வண்டி, அதே இடம், அதே மாதிரி துரு நட். அண்ணன் முதல்ல பெட்ரோல் டேங்கைக் கழட்டித் தூர வெச்சார். கம்பி பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சு, துரு நீக்கற ஆயிலை ஊத்திட்டு... டீ குடிக்கப் போயிட்டார்! எனக்கு ஆச்சரியம். "ஆயில் உள்ளார போவோணும்ல. நீ போன வேகத்துல எப்பிடிப் போவும்?"னார். (எல்லாரும் இதுக்கு டபிள்யூடி-40தான் கேட்பாங்க. அது 1953-ல ஈரத்தை விரட்டறதுக்காகக் கண்டுபிடிச்சது. நாப்பதாவது முயற்சியில சரியா வந்ததால அந்தப் பேர். மரைக்குள்ள நல்லா ஊடுருவறதுக்குன்னே தனி ஆயில்கள் இருக்கு.)

டீ முடிச்சு வந்து, ஸ்டட் தலையில நேரா சுத்தியால சின்னச் சின்னதா தட்டினார். துருவை உதிர்க்கத்தான். அப்புறம் கேஸ் டார்ச்சால நட்டைச் சூடு பண்ணினார். தீ ஹெட்டுப் பக்கம் போகாம பார்த்துக்கிட்டார். "அலுமினியம் செவக்காது கண்ணு. உருகறப்பத்தான் தெரியும்." வாஸ்தவம்தான். 660 டிகிரியில உருகிடும், இரும்பு மாதிரி சிவந்து காட்டி வார்னிங் குடுக்காது. இங்கே உங்க ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு கேள்வி போடுங்க. நட்டைச் சூடு பண்ணினா நடுவுல இருக்கற ஓட்டை சுருங்குமா, விரியுமா? பாதிப் பேர் சுருங்கும்பாங்க. விரியும்! அந்த விரிசல்ல ஒரு மெழுகுவத்தியை வெச்சார். மெழுகு உருகி, உறிஞ்சின மாதிரி மரைக்குள்ள ஓடிப்போச்சு.

அப்புறம் ஸ்பேனரைப் போட்டவர், கழட்டலை... முடுக்கினார்! ஒரு இம்மி. "மொதல்ல உள்ளார தள்ளி ஒட்டை உடு. அப்புறம் வெளிய இழு." கொஞ்சம் கழட்டினார், பாதி திரும்ப முடுக்கினார். மறுபடி ஆயில், மறுபடி கழட்டல். 'க்ரீச்'னு சத்தம் வந்தா சிரிச்சார். சத்தமே இல்லாம மெத்துன்னு வந்தா உடனே நிறுத்திட்டார். நான் கொண்டாடின அதே மெத்துலதான், அவர் கையை எடுக்கறார்! இருபது நிமிஷத்துல நட் முழுசா வெளியே வந்துடுச்சு. பைப்பும் இல்லை, தம் கட்டலும் இல்லை.

எங்க வண்டிக்கு ஒண்ணரை நாள் ஆச்சு. பழைய மரை கெட்டுப்போனதால, கொஞ்சம் பெருசா ஓட்டை போட்டுச் சுருள் கம்பி மரை ஒண்ணை உள்ளே இறக்கினார்கள். ஹெலிகாயில்னு பேர். ஹெட் கேஸ்கெட், லேபர், ஸ்பார்க் மெஷின் கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். 30 ரூபாய் வேலை! புது ஸ்டட்ல காப்பர் கலந்த ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட்டைத் தடவி, நட்டை மட்டும் என்னையவே முடுக்கச் சொன்னார் அண்ணன். சின்ன ஸ்பேனரை, அதுவும் வாலைப் பிடிக்காம நடுவுல பிடிச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போய் வீட்டு வாசல்ல நிறுத்தினேன். படபட சத்தம் இல்லை. அப்பா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, "நல்லாருக்கு"ன்னார். திங்கட்கிழமை விட்டுப்போன கடைகளுக்கு அந்த வாரம் புதன்கிழமை சேர்த்துப் போனார். பல்லடம் ரோட்டுல ஒரு கடைக்காரர் அதுக்குள்ள வேற ஆள்கிட்ட சரக்கு எடுத்துட்டாராம். இதை அப்பா எங்கிட்டச் சொல்லலை. அம்மாதான் சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சுத்தான் அந்தக் கடை திரும்ப வந்துச்சு.

போன வாரம் அப்பா மட்கார்டு போல்ட் ஆடுதுன்னு சொல்லி, 10-ம் நம்பர் ஸ்பேனரை எங்கிட்ட நீட்டினார். "இதை மட்டும் பார்த்துடு. வரலைன்னா விட்டுடு, சொல்லு." வந்துடுச்சு.

அந்த ஜிஐ பைப்பைத் தேடறீங்களா? கொல்லையில அவரைக் கொடிக்கு முட்டுக் குடுத்து நட்டு வெச்சிருக்காங்க அம்மா.