நிற்கத் தெரிந்த பத்மினி

ராணியின் பெயரைத் தாங்கிய கார் அது. ராணிக்குரிய காவல்தான் இருந்ததில்லை. இத்தாலியின் ஃபியட் 1100 டி மாடலை 1964 முதல் இந்தியாவில் தயாரித்து வந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1974இல் அதற்கு பத்மினி என்று பெயர் வைத்தது. 1,089 சிசி என்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், முன்னால் பெஞ்ச் சீட், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். சீட் பெல்ட் கிடையாது.

உலகம் அதற்குள் வேறு பாதையில் போயிருந்தது. பிரான்சின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் 1953இலேயே வென்றுவிட்டது. வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒரே வீச்சில் அணைக்கும் மூன்று முனை பெல்ட்டை 1959இல் கொண்டுவந்தார். காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல், மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது வால்வோ. ஆனால், பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காருக்குக் காத்திருந்த இந்தியாவில் யார் பெல்ட்டைப் பற்றிக் கேட்பார்கள்? வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததே பாக்கியம். புதிய கார்களின் முன் இருக்கைகளுக்கு பெல்ட் கட்டாயமானது 1994 மார்ச்சில்தான்.

பழைய கார்களுக்கு பெங்களூர் நல்ல ஊர். கடற்கரை நகரங்களைப் போல உப்புக் காற்று தகரத்தை அரிப்பதில்லை. என்ஜினை வாட்டும் வெயிலும் இல்லை. பழைய மெக்கானிக்குகளும் ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளும் இருக்கிறார்கள், இருக்கின்றன. கார்கள் மாறவில்லை, சாலைகள் மாறிவிட்டன. 2008இல் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. 2010இல் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை வந்தது. 2023இல் மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். முன்னால் போகும் புதிய கார் சட்டென்று நின்றுவிடும். பின்னால் வரும் பத்மினி அப்போதுதான் நிற்க யோசித்துக்கொண்டிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கு பழைய காருக்கு என்று சலுகை காட்டுவதில்லை.

மல்லேஸ்வரத்தில் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரிடம் 1975 மாடல் பத்மினி இருக்கிறது. அவருடைய அப்பா வாங்கியது. சாவிக்கொத்துகூட மாறவில்லை. பேரனை ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏற்றிக்கொண்டு கப்பன் பார்க் போவது வழக்கம். ஒருநாள் மகள் மறித்தாள்.

“அப்பா, இனிமே குழந்தைய இதுல அனுப்ப மாட்டேன்.”

“நாப்பது வருஷமா ஓட்டறேன். ஒரு கீறல் உண்டாம்மா?”

“நீங்க மெதுவாத்தான் போவீங்க. எதிர்ல வர்றவன்?”

அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, பெல்ட் மாட்டவும் டிஸ்க் பிரேக் போடவும் எவ்வளவு ஆகும் என்று தன் மெக்கானிக்கிடம் கேட்டார். “போடலாம் சார். மொதல்ல இருக்கறத சரி பண்ணுவோம்” என்றார் மெக்கானிக்.

சக்கரங்களைக் கழற்றியதும் அந்தப் பதிலின் அர்த்தம் தெரிந்தது. ஒரு வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. ரப்பர் ஹோஸ்கள் உள்ளே வீங்கியிருந்தன. பிரேக் ஆயிலை மாற்றி எத்தனை வருடம் என்று அவருக்கே நினைவில்லை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. கால் தரையைத் தொடும், கார் நிற்காது.

டிரம் பிரேக்கின் குணமும் அப்படி. சுழலும் இரும்பு டிரம்முக்குள் பிறை வடிவ ஷூக்கள் வெளிப்பக்கமாக விரிந்து உரசுகின்றன. நந்தி மலையிலிருந்து இறங்கும்போது விடாமல் மிதித்தால் சூடு உள்ளேயே தங்கும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். மழைநீர் புகுந்தாலோ முதல் இரண்டு மிதி வீண். டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் காயும்.

அதற்காக இரண்டு டிஸ்க்கை வாங்கி மாட்டினால் வேலை முடிந்துவிடாது. டிரம்மின் ஒரு ஷூவைச் சக்கரத்தின் சுழற்சியே இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் இந்த இலவச உதவி இல்லை. என்ஜினின் உறிஞ்சு சக்தியில் இயங்கும் பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன்பின் சக்கரங்களுக்கிடையே பிரேக்கைச் சரியாகப் பங்கிடாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் வால் வீசும். “காலிப்பர் ஒரு வண்டி, சிலிண்டர் ஒரு வண்டின்னு பொறுக்கினா ஆகாது சார். ஒரே வண்டியோட செட்டா எடுக்கணும்” என்றார் மெக்கானிக். அரைகுறைப் புதுமையைவிட ஒழுங்கான பழமை மேல். ஆகவே முதல் மாதம் டிரம்களைப் புதுப்பித்து ஓட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பூஸ்டர், அவற்றோடு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பழையது ஒற்றைச் சுற்று. எங்கே ஓர் ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். புதியதில் ஒரு பாதி போனாலும் மறு பாதி நிறுத்தும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. 50 வயதைக் கடந்த கார்களுக்கான 2021ஆம் ஆண்டு விண்டேஜ் விதிகளோ சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. விண்டேஜ் என்று பதிந்தால் அன்றாடம் ஓட்டவும் முடியாது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, எதையும் வெட்டாமல், திரும்ப மாட்டக்கூடிய வகையில் வேலை நடந்தது. கழற்றிய டிரம்களும் பழைய சிலிண்டரும் கிரீஸ் தடவிப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

பெல்ட் வேலை சுலபம் என்று அவர் நினைத்திருந்தார். பெல்ட் எவ்வளவு நல்லதானாலும் அதன் பலம் மாட்டிய இடத்தின் பலம்தான். மோதும் நொடியில் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு இழுவையை அந்த போல்ட் தாங்க வேண்டும். துருப்பிடித்த தரைத் தகட்டில் வெறும் போல்ட்டை முடுக்கினால், பெல்ட் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். காலடி விரிப்பைத் தூக்கியபோது மழைநீர் தேங்கி இரண்டு இடம் பொத்தலாகியிருந்தது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அடியில் கனமான பட்டை கொடுத்து, பெல்ட்டுக்கென்றே வரும் உறுதியான போல்ட்டைப் போட்டார்கள். நடுத் தூணுக்குள்ளும் அதேபோல பலம் சேர்த்தார்கள். பத்மினியின் ஸ்டியரிங் தண்டு இன்றைய கார்களில் உள்ளதுபோல மோதலில் மடிந்துகொடுக்காது. நெஞ்சை அதிலிருந்து தள்ளி வைக்க அந்தப் பட்டையை விட்டால் வேறு துணையில்லை.

பின் சீட்டுக்கும் பெல்ட் வேண்டும் என்பதில் மகள் பிடிவாதமாக இருந்தாள். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது நவீன சொகுசுக் காரின் பின் சீட்டில், பெல்ட் போடாமல்.

வேலை முடிந்ததும் காலியான சாலையில் 30, 40, 50 என்று வேகத்தைக் கூட்டி நிறுத்திப் பார்த்தார்கள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. ஆனால் வீட்டில் ஒரு புதுக் கணக்கு முளைத்தது. அந்த பத்மினி ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு எட்டுப் பேரை ஏற்றிப் போயிருக்கிறது. முன்னால் மூவர், மடியில் குழந்தை, பின்னால் நால்வர். இடமில்லை என்று யாரையும் வாசலில் விட்டுவிட்டுப் போனதில்லை. இப்போது அதில் பெல்ட் நான்கு. ஆளும் நான்கு பேர்தான். பெஞ்ச் சீட்டின் நடுவிடம் காலியாகக் கிடக்கிறது. பேரனுக்குப் பின்னால் குழந்தை இருக்கை.

பழைய காரை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் இழப்பாக நினைக்க வேண்டியது டிரம்மை அல்ல, இதைத்தான். அதுவும் கொடுக்கக் கூடிய விலைதான். அடுத்த கல்யாணத்துக்கு அவர் இரண்டு நடை அடித்தார்.