தென்னையில் இறங்கிய பரிசாரியார்

மட்டக்களப்பான் பாயோடு ஒட்ட வைத்துவிடுவான் என்பது வடக்கில் பழைய பேச்சு. வெளியூர் ஆண்பிள்ளை இங்கே ஒருவேளை சாப்பிட்டுப் படுத்தால் பிறகு எழும்பி ஊர் போகமாட்டான், மந்திரம் அப்படியாம். படிக்கப் போன இடத்தில், விடுதியில், இதைத்தான் முதலில் கேட்டார்கள். சிரித்துவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். தன்னாமுனைக்காரன் நான் கதை சொல்லத் தொடங்கினேன்.

சொந்தச் சரக்கு இல்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) அப்போது என் தலையணைக்குக் கீழே கிடந்தது. அதையும் ஒழுங்காகப் படித்தவனில்லை. ஜொனதன் ஹார்க்கர் கோட்டையில் அகப்பட்டுக் கிடக்கும் முதல் நாலு அத்தியாயத்தையும் திரும்பத் திரும்பப் படிப்பேன். கதை இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் புரட்டுவேன். நாலு அத்தியாயம் எனக்குத் தாராளம். சவரக் கண்ணாடியில் பிரபுவின் முகம் விழாத இடத்தையும், மேலங்கி இருபக்கமும் விரிய அவர் தலைகீழாகக் கோட்டைச் சுவரில் இறங்கும் இடத்தையும் அப்படியே தூக்கி, எங்கள் ஊரில் விஷக்கடி பார்க்கும் பரிசாரியாரின் தலையில் கட்டினேன். அவருடைய மண்சுவர் உயரம் காணாது என்று வாவிக்கரைத் தென்னையில் இறக்கினேன். மேலங்கிக்குப் பதில் சால்வை.

டிராகுலா தீர்ந்ததும் ஹோம்ஸ். 1891இல் வந்த 'பொஹீமியாவில் ஓர் அவதூறு' கதையில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாக ஒரு பேச்சு வரும். கொனன் டொயில் அந்தக் கதையை எழுதவேயில்லை. எங்கள் ஊரால் போகிற ரோட்டு திருகோணமலைக்குத்தானே போகிறது. மிச்சத்தை நான் வாயால் எழுதி முடித்தேன். கொலைகாரன் யாரென்று உங்களுக்கே விளங்கும்.

'டிராகுலா'வில் நான் தாண்டாமல் நின்ற இடம் ஒன்று உண்டு. வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை நொறுக்கி, மாவு போலப் பிசைந்து, கல்லறைக் கதவின் இடுக்கை அடைப்பார். இரத்தம் குடிப்பதைப் படிக்கையில் பயந்தேன். இதைப் படிக்கையில் கை கூசியது. சூசையப்பர் கோயில் மணி கேட்டு வளர்ந்தவனல்லவா. விடுதியில் அதை மட்டும் நான் வாய் திறக்கவில்லை. நற்கருணைக்குக் கொடுத்த மரியாதையைப் பக்கத்து வீட்டு மனிசனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஸ்டோக்கர் டப்ளின்காரர். திரான்சில்வேனியாவில் கால் வைத்ததே இல்லை; விட்பி நூலகத்திலும் லண்டனிலும் புத்தகம் பார்த்தே அந்த நாட்டைப் பேய்க்காடாக்கினார். பாயோடு ஒட்டுகிற கதைக்குக் கொதிக்கிற நான், இது தெரியவந்தபோது கொஞ்சமும் கொதிக்கவில்லை. அவராவது காணாத ஊரைக் கெடுத்தார்.

ஒரு திருவிழாவுக்கு அறைக்கூட்டாளி ஒருவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஊர்ப் பழக்கப்படி பரிசாரியார் ஒரு முட்டி எருமைத் தயிரோடு வந்து விறாந்தையில் குந்தினார். அவன் முட்டியைத் தொடவில்லை. அவர் இருந்த நேரம் முழுக்கச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"மனே, உண்ட கூட்டாளிக்குத் தயிர் ஒத்துக்காதோ?"

"சளி பெரியப்பா."

"அப்ப சுகமானா மறுகா குடு" என்று முட்டியை வைத்துவிட்டு எழும்பினார். கொஞ்ச நேரத்தில் சளிக்கென்று ஏதோ இலைச்சரை ஒன்றையும் வேலியால் நீட்டினார். கூட்டாளி அதை என் கையிலிருந்துகூட வாங்கவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டி வந்திருக்கும். சொல்லவில்லை.

பரிசாரியார் செத்துப்போனார். கூட்டாளி இப்போது கனடாவில். போன வருஷம் போன் எடுத்தான், பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், சாட்சிக்கு நான் வேண்டுமாம். "கறுப்புச் சால்வையோட ஒரு ஆள் தென்னையில தலைகீழா இறங்கினது உண்மையா அங்கிள்?" என்று மூத்தது கேட்டது.

சால்வை வெள்ளை என்று திருத்தினேன்.